தொலைக்கட்டுப்பாட்டுக் கிருமிநீக்க ஊர்தி

தொலைக்கட்டுப்பாட்டுக் கிருமிநீக்க ஊர்தி என்பது தெருக்கள், சந்தைகள், பேருந்து நிலையங்கள் முதலிய பொது இடங்களில் கிருமிநாசினிக் கரைசலைத் தெளிப்பதற்காக, ஆள் ஏறி ஓட்டாமல் சற்றுத் தொலைவில் நின்றபடி வானலை வழியாக இயக்கப்படும் சிறு ஊர்தி ஆகும். ஒரு தொட்டி, ஓர் எக்கி, சில தெளிப்புமுனைகள், இவற்றைச் சுமந்து செல்லும் சக்கரத் தளம் அல்லது பட்டைத் தளம், மின்கல அடுக்கு, வானலைவாங்கி ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள். 2020 ஆம் ஆண்டில் கோவிட்-19 பெருந்தொற்றின்போது இவ்வகை ஊர்திகள் பரவலாகப் பேசப்பட்டன. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தம் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு விரும்பி எடுத்துக்கொள்ளும் தலைப்புகளில் இதுவும் ஒன்றாயிற்று.

இந்த ஊர்தியை வடிவமைப்பது கடினமன்று. எங்கே தெளிப்பது, எதைத் தெளிப்பது, எவ்வளவு தெளிப்பது என்பதே கடினமான பகுதி. தெருவில் கிருமிநாசினி தெளிப்பதால் நோய்ப்பரவல் குறையும் என்ற கருத்தே அறிவியல் அடிப்படையில் ஐயத்துக்கு உள்ளானது. எனவே இக்கட்டுரையில் வடிவமைப்புக்கு முன்பாக அது விளக்கப்படுகிறது.

பின்னணி

குளோரின் சேர்மங்களைக் கொண்டு தூய்மை செய்வது பழைய வழக்கம். இசுக்காட்லாந்தைச் சேர்ந்த சார்லசு டென்னண்ட் 1799 இல் சலவைத்தூளுக்குக் காப்புரிமை பெற்றார். பிளீச்சிங் பவுடர் என்ற பெயரில் நம் ஊராட்சிப் பணியாளர்கள் சாக்கடை ஓரங்களில் தூவும் வெண்ணிறத் தூள் அதுவே. 1847 இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாசு செம்மல்வைசு, குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் மருத்துவர்கள் கை கழுவ வேண்டும் என்று விதித்தபின், மகப்பேற்றுக் காய்ச்சலால் நேர்ந்த இறப்புகள் பெருமளவு குறைந்தன. தொலைக்கட்டுப்பாட்டின் வரலாறும் நூறாண்டைக் கடந்ததே. நிக்கோலா டெசுலா 1898 இல் நியூயார்க்கு நகரின் மேடிசன் சதுக்க அரங்கில், வானலையால் இயங்கும் சிறு படகொன்றைப் பொதுமக்கள்முன் இயக்கிக் காட்டினார்.

இவ்விரண்டும் தெருவில் ஒன்று சேர்ந்தது 2020 இல் ஆகும். சீன நகரங்களில் தூசியை அடக்கப் பயன்பட்டுவந்த பனிமூட்டப் பீரங்கி பொருத்திய சரக்குந்துகளும், தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு பட்டை ஊர்திகளும், வேளாண் தெளிப்புக்கான ஆளில்லா வானூர்திகளும் கிருமிநாசினி தெளிக்க இறக்கப்பட்டன. தென்கொரியா, துபாய், ஐரோப்பிய நகரங்கள் சில ஆகியவற்றிலும் தெருத்தெளிப்பு நடைபெற்றது. சென்னையில் மாநகராட்சி ஆளில்லா வானூர்திகளைக் கொண்டு தெளித்தது.

அறிவியல் நிலைப்பாடு

உலக சுகாதார நிறுவனம் 2020 மே 15 அன்று வெளியிட்ட வழிகாட்டியில், தெரு, சந்தை போன்ற திறந்த வெளிகளில் கிருமிநாசினியைத் தெளிப்பதையோ புகைமூட்டுவதையோ பரிந்துரைக்கவில்லை. தெருவும் நடைபாதையும் கோவிட்-19 நோயின் தேக்கிடங்களாகக் கருதப்படுவதில்லை என்பது அது கூறிய காரணங்களுள் ஒன்று. தூசியும் குப்பையும் கிருமிநாசினியைச் செயலிழக்கச் செய்கின்றன என்பது மற்றொன்று. நுண்துளைகள் நிறைந்த சாலைப்பரப்பில் கரைசல் உரிய நேரம் தங்கி வேலை செய்வது அரிது என்பதையும் அது சுட்டியது.

இந்தக் கடைசிக் காரணத்தை எளிய கணக்கொன்றால் சரிபார்க்கலாம். ஒரு சதுர மீட்டருக்கு 100 மில்லிலிட்டர் தெளித்தால் தரையில் உண்டாகும் நீர்ப்படலத்தின் தடிப்பு 0.1 மில்லிமீட்டர் மட்டுமே. குளோரின் கரைசல் பணி செய்யப் பரப்பு சில நிமிடங்களாவது ஈரமாக இருத்தல் வேண்டும். பொதுவாகப் பத்து நிமிடம் என்று கொள்வர். சித்திரை மாத நண்பகலில் தார்ச்சாலைமேல் விழுந்த 0.1 மில்லிமீட்டர் நீர் அதுவரை நிற்பது ஐயமே. கரைசலில் உள்ள ஐப்போகுளோரைட்டு வெயில் பட்டாலே சிதையும் இயல்புடையது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மனிதர்மேல் தெளிப்பதை இந்த நிறுவனம் எந்தச் சூழ்நிலையிலும் ஏற்கவில்லை. 2020 மார்ச்சு இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி நகரில், ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளர்களைத் தரையில் அமரவைத்து அவர்கள்மேல் கரைசல் பீய்ச்சப்பட்ட நிகழ்வு கடும் கண்டனத்துக்கு உள்ளானது. நடுவண் நலவாழ்வு அமைச்சகம் அதே ஆண்டு ஏப்ரலில் இத்தகைய தெளிப்பு கூடாது என அறிவுறுத்தியது. கிருமிநீக்கச் சுரங்கப் பாதைகள் குறித்த வழக்கில் 2020 நவம்பர் 5 அன்று தீர்ப்பளித்த இந்திய உச்சநீதிமன்றம், அவற்றைத் தடைசெய்வதற்கான ஆணைகளைப் பிறப்பிக்குமாறு அரசைப் பணித்தது.

அப்படியானால் இந்த ஊர்தி பயனற்றதா எனில், அவ்வாறு கூறிவிட முடியாது. மீன் சந்தைத் தளம், பேருந்து நிலைய இருக்கைகளும் கைப்பிடிகளும், மருத்துவக் கழிவு வைக்கப்படும் இடம், வாந்தியும் மலமும் கலந்த வாந்திபேதிக் கால நிலப்பரப்பு ஆகியவை கிருமிநீக்கம் தேவைப்படும் இடங்களே. இவ்விடங்களில் வழக்கமாக ஒருவர் 16 லிட்டர் கொள்ளளவுள்ள கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து, தாம் தெளித்த காற்றையே மூச்சாக இழுத்து நடக்கிறார். அவரைக் குளோரின் வாடையிலிருந்து விலக்கி நிறுத்துவதே இந்த ஊர்தியின் மெய்யான பயன் எனலாம். தெருவின் நீளத்தைக் கொண்டு இதன் திறனை அளப்பது பொருத்தமற்றது.

கரைசல்

பெரும்பாலும் பயன்படுவது சோடியம் ஐப்போகுளோரைட்டு. நீரில் கரையும்போது உண்டாகும் ஐப்போகுளோரசு அமிலமே கிருமியைக் கொல்வதில் முதன்மையானது. கரைசலின் காரத்தன்மை கூடக்கூட இதன் பங்கு குறைகிறது. காரகாடித்தன்மைச் சுட்டெண் 7.5 அளவில் பாதியளவு அமிலமாகவும் மீதி வலிமை குறைந்த ஐப்போகுளோரைட்டு அயனியாகவும் இருக்கும்.

பொதுவான பரப்புகளுக்கு உலக சுகாதார நிறுவனம் கூறிய செறிவு 0.1 விழுக்காடு, அதாவது லிட்டருக்கு 1 கிராம் குளோரின். கடையில் கிடைக்கும் 5 விழுக்காட்டுக் கரைசல் 2 லிட்டரை 98 லிட்டர் நீரில் கலந்தால் 100 லிட்டர் தொட்டி நிறையும். சலவைத்தூளில் குளோரின் மூன்றில் ஒரு பங்கு எனக் கொண்டால் இதற்கு 300 கிராம் தூள் போதும். ஆனால் தூளில் கரையாத சுண்ணாம்பு மிகுதி. அதைத் தனிக் கலத்தில் கரைத்து, தெளியவைத்து, மேல்நீரை மட்டும் வடித்தே தொட்டியில் ஊற்ற வேண்டும். இல்லையேல் முதல் நாளிலேயே தெளிப்புமுனைகள் அடைத்துக்கொள்ளும். இந்தியாவில் வெளிப்பரப்புகளுக்கு 1 விழுக்காட்டுக் கரைசலும் பயன்படுத்தப்பட்டது. செறிவு பத்து மடங்காகும்போது ஊர்தியின் உலோகப் பாகங்களும் தெருவோர இரும்புக் கதவுகளும் அரிப்புக்கு உள்ளாவதும் அதற்கேற்பக் கூடும்.

இக்கரைசலுடன் கழிவறை கழுவும் அமிலம் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் வெளிப்படும். அம்மோனியா கலந்தால் குளோரமின் வளிமங்கள் உண்டாகும். எனவே தொட்டியை வேறு எந்தத் தூய்மைப் பொருளுக்கும் மாற்றிப் பயன்படுத்தலாகாது. தொட்டியின்மேல் இதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிவைப்பது நன்று.

தளமும் மின்னோடியும்

மாணவர் படிமங்களில் அடிக்கடி காணப்படும் குறை, பொம்மைக் கார் மின்னோடியின்மேல் தொட்டியை ஏற்றுவது. நீரின் எடை மறக்கப்படுகிறது. 100 லிட்டர் தொட்டி கொண்ட ஊர்தி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சட்டகம், மின்கலம், மின்னோடிகள் எல்லாம் சேர்ந்து 120 கிலோகிராம் எனில், நிறைந்த ஊர்தியின் நிறை 220 கிலோகிராம். அதன்மீது செயற்படும் புவியீர்ப்பு விசை ஏறத்தாழ 2160 நியூட்டன்.

குண்டும் குழியுமான தெருவுக்கு உருளல் எதிர்ப்புக் கெழுவை 0.05 எனக் கொண்டால் எதிர்ப்பு விசை 108 நியூட்டன். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாய்தளம் ஏற மேலும் 215 நியூட்டன் வேண்டும். ஆக மொத்தம் 323 நியூட்டன். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஏறத் தேவைப்படும் திறன் 323 வாட்டு. பற்சக்கரப் பெட்டியும் மின்னோடியும் சேர்ந்து 65 விழுக்காடு பயனுறுதிறன் உடையவை எனில், மின்கலத்திலிருந்து சுமார் 500 வாட்டு எடுக்க நேரும். எனவே பக்கத்துக்கு ஒன்றாக 350 வாட்டு மின்னோடிகள் இரண்டு பொருத்தமானவை. சக்கரத்தின் ஆரம் 20 சென்டிமீட்டர் எனில், ஒவ்வொரு பக்கமும் 32 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் நிமிடத்துக்கு 48 சுற்றுகளும் தேவை. நிமிடத்துக்கு 2400 முறை சுழலும் மின்னோடிக்கு 50க்கு 1 என்ற பற்சக்கரக் குறைப்பு இதைத் தரும்.

திருப்புவதற்கு இருபுறச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழற்றுவதே எளிய வழி. தனியாகத் திருப்பு பொறிமுறை வேண்டியதில்லை. பட்டைத் தளம் மணலிலும் சேற்றிலும் நன்கு செல்லும். எனினும் தார்ச்சாலையில் திரும்பும்போது பட்டை தேய்கிறது. மின்னாற்றலும் மிகுதியாகச் செலவாகிறது. நகரத் தெருவுக்குச் சக்கரமே சிறந்தது.

பாதி நிறைந்த தொட்டி முழுத் தொட்டியைவிடத் தொல்லை தருவது. நிறுத்தும்போது நீர் முன்னோக்கி அலைமோதி ஊர்தியைத் தள்ளும்; சரிவில் பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்க்கவும் கூடும். தொட்டிக்குள் துளையிட்ட தடுப்புத் தகடுகளைக் குறுக்காக அமைத்து, தொட்டியை அச்சுக்கு இயன்றவரை நெருக்கமாகத் தாழ்த்தி வைப்பதன் மூலம் இதைக் குறைக்கலாம்.

தெளிப்பு அமைப்பு

பம்பு எனப் பரவலாக அழைக்கப்படும் எக்கியில் இப்பணிக்கு ஏற்றது மென்தகட்டு எக்கி. அது சிறிது நேரம் நீரின்றி ஓடினாலும் பழுதாவதில்லை. 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் எக்கிக்கு 30 வாட்டு நீர்த்திறன் போதும். இழப்புகளையும் சேர்த்து 75 வாட்டு எனக் கொள்ளலாம். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 1.5 லிட்டர் தெளிக்கும் நான்கு விசிறிவடிவத் தெளிப்புமுனைகளை 50 சென்டிமீட்டர் இடைவெளியில் மடிக்கத்தக்க கரமொன்றில் பொருத்தினால் 2 மீட்டர் அகலம் கிடைக்கும். நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், முன்பு கூறிய சதுர மீட்டருக்கு 100 மில்லிலிட்டர் என்ற அளவு அமைகிறது.

வேகம் மாறினால் தெளிப்பளவும் மாறும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்வது எளிதன்று. ஏனெனில் பாய்வு அழுத்தத்தின் இருபடி மூலத்துக்கே நேர்விகிதத்தில் உள்ளது. பாய்வை இரட்டிப்பாக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அதைவிடச் சக்கரச் சுழற்சியை உணரியால் அளந்து ஊர்தியின் வேகத்தை மாறாமல் வைப்பதே எளியது. ஊர்தி நின்றால் தெளிப்பும் தானாக நிற்க வேண்டும்.

துளியின் பருமன் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையது. 50 மைக்ரோமீட்டர் துளி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வேகத்திலேயே விழுகிறது. அரை மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடைய அதற்கு ஏழு நொடிகள் ஆகும்; நொடிக்கு 2 மீட்டர் வீசும் மென்காற்றிலேயே அது 14 மீட்டர் அடித்துச் செல்லப்படும். 300 மைக்ரோமீட்டர் துளியோ நொடிக்கு ஒரு மீட்டருக்கும் மிகுந்த வேகத்தில் விழுவதால் ஒரு மீட்டருக்குள் தரை சேர்கிறது. பார்வைக்குக் கம்பீரமாகத் தோன்றும் வெண்புகை மூட்டம் உண்மையில் வீடுகளின் சன்னல்களுக்குள் போகிறது என்பதே இதன் பொருள். நுண்துளி மூட்டத்தைத் தவிர்த்துப் பருந்துளி முனைகளைத் தேர்வதே முறை.

கரைசல் படும் பாகங்களில் அலுமினியம், பித்தளை ஆகியவை கூடா. துருவேறா எஃகும் நாளடைவில் குழிவிழுந்து அரிக்கும். தொட்டிக்கு உயரடர்த்திப் பாலித்தீன், குழாய்களுக்குப் பிவிசி, அடைப்பு வளையங்களுக்கு ஈபிடிஎம் இரப்பர், முனைகளுக்குப் பீங்கான் அல்லது பாலிப்புரொப்பிலீன் ஆகியவை தாங்கும். மின்சுற்றுப் பலகையைத் தொட்டியின் மேலோ பின்னோ வைக்காமல், முன்புறம் தனி மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். குளோரின் ஆவி செப்பு இணைப்புகளைப் பச்சையாக்கிவிடும்.

மின்கலம்

தெளிக்கும் வேகத்தில் சமதளத்தில் செல்ல மின்னோடிகள் சுமார் 83 வாட்டும், எக்கி 75 வாட்டும், மின்னணுப் பகுதி 20 வாட்டும் எடுக்கும். கூட்டினால் ஏறத்தாழ 180 வாட்டு. 24 வோல்ட்டு, 40 ஆம்பியர்-மணி மின்கல அடுக்கில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்தினால் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஆனால் நிமிடத்துக்கு 6 லிட்டர் வீதம் தொட்டி 17 நிமிடத்தில் காலியாகிவிடுகிறது. அதற்குள் முடிவது 500 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு பட்டை மட்டுமே. ஆகவே இவ்வூர்தியின் எல்லையைத் தீர்மானிப்பது மின்கலமன்று, தண்ணீரே. 20 ஆம்பியர்-மணி அடுக்கைப் பொருத்தி, மிச்சமாகும் எடையில் தொட்டியைச் சற்றுப் பெரிதாக்குவது அறிவார்ந்த செயல். தண்ணீர் வண்டி எங்கே நிற்கும் என்பதையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

ஆளில்லா வானூர்தியுடன் ஒப்பிடும்போதும் இதே கணக்கு உதவும். வேளாண் வானூர்திகளில் பரவலாக உள்ளவை 10 லிட்டர் அளவிலான தொட்டியுடன் பத்து, பதினைந்து நிமிடங்களே பறக்கக்கூடியவை. அவற்றின் சுழலிகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்று வயலில் பயிரிலைகளைப் புரட்டிவிட உதவும். தெருவிலோ புழுதியைக் கிளப்பும்.

தொலைக்கட்டுப்பாடும் பாதுகாப்பும்

கட்டளைகள் பொதுவாக 2.4 கிகாஎர்ட்சு அலைவெண்ணில் அனுப்பப்படுகின்றன. இதே அலைவரிசையில் வீட்டு வைஃபையும் புளூடூத்தும் இயங்குவதால் நெருக்கமான தெருக்களில் இடையீடு உண்டு. இயக்குபவர் ஊர்தியைக் கண்ணால் பார்த்தபடி 50 மீட்டருக்குள் நடந்து வருவதே பாதுகாப்பானது. படக்கருவி வழியாகப் பார்த்து ஓட்டும் முறையில் படம் 300 மில்லிநொடி தாமதித்து வந்தால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஊர்தி 30 சென்டிமீட்டர் நகர்ந்த பின்பே திரையில் அது தெரியும். தெருவில் ஓடிவரும் குழந்தைக்கு அந்த 30 சென்டிமீட்டர் பெரிது.

200 கிலோகிராமுக்கு மேற்பட்ட ஊர்தியில் எதை விட்டாலும் விடக்கூடாதது இணைப்பு அறுந்தால் நிற்கும் ஏற்பாடு. செலுத்தி, 100 மில்லிநொடிக்கு ஒருமுறை உயிர்த்துடிப்புக் குறிப்பு ஒன்றை அனுப்ப வேண்டும். அரை நொடிக்கு அது வராவிடில் மின்னோடிகளும் எக்கியும் நிற்க வேண்டும். பொழுதுபோக்கு வானூர்திகளுக்காக விற்கப்படும் வானலைவாங்கிகள் பலவற்றில், இணைப்பு அறுந்தால் கடைசிக் கட்டளையையே தொடரும் அமைவும் உண்டு. வானில் அது பொருந்தலாம். தெருவில் அது ஊர்தியை நேரே கடைக்குள் செலுத்தும். வாங்கியவுடன் இந்த அமைவை மாற்றி, சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவைத்துச் செலுத்தியை அணைத்துச் சோதிப்பது கட்டாயம்.

மென்பொருளை மட்டும் நம்புவதும் தவறு. ஆர்டுயினோ போன்ற நுண்கட்டுப்படுத்தி உறைந்துபோனால் அதை மீளத் தொடங்கவைக்கும் காவல் கடிகாரம் அதிலேயே உண்டு. பெரும்பாலோர் அதை இயக்குவதில்லை. இதற்கும் அப்பால், ஊர்தியின் நான்கு பக்கமும் எட்டும்படி சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான்கள் இருக்க வேண்டும். அவை நுண்கட்டுப்படுத்திக்குச் செய்தி அனுப்பும் பொத்தான்களாக அன்றி, மின்கல இணைப்பையே துண்டிக்கும் தொடுப்பியுடன் நேரே கம்பியால் இணைக்கப்பட்டவையாக இருத்தல் வேண்டும். மின்சாரம் நின்றால் சரிவில் ஊர்தி உருளாதிருக்க, மின்சாரம் இல்லாதபோது தானே பிடித்துக்கொள்ளும் மின்காந்தத் தடையைப் பொருத்துவர்.

பராமரிப்பு

ஐப்போகுளோரைட்டு வெப்பத்திலும் வெளிச்சத்திலும் வலுவிழக்கும். கரைசலை அன்றன்று கலந்து அன்றே செலவிட வேண்டும். பணி முடிந்ததும் தொட்டியில் நன்னீர் ஊற்றி எக்கியைச் சில நிமிடம் ஓட்டிக் குழாய்களைக் கழுவ வேண்டும். கரைசலைக் கலப்பவர் கையுறை, கண்ணாடி, முகமூடி அணிதல் வேண்டும். தெளிக்கும்போது தொலைவில் நிற்பவருக்கு ஊர்தி அளிக்கும் காப்பு, 5 விழுக்காட்டுக் கரைசலை ஊற்றுபவருக்கு இல்லை. எஞ்சிய கரைசலைக் குளத்திலோ கால்வாயிலோ கொட்டினால் மீன்கள் மடியும்.

பிற பயன்பாடுகள்

கால்நடை நோய்க் கட்டுப்பாட்டில் இவ்வகை ஊர்திக்குத் தெருவைவிடத் தெளிவான தேவை உண்டு. 2014 இன் இறுதியில் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவியபோது வாத்துகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. அத்தகைய இடங்களில் கொட்டகைத் தரையைக் கிருமிநீக்கம் செய்யும் பணியாளருக்கு அந்நோயே தொற்றும் வாய்ப்பு இருப்பதால், ஆளைத் தள்ளி நிறுத்தும் பொறி பொருளுள்ளதாகிறது. எனினும் முதலில் எச்சத்தையும் வைக்கோலையும் வாரி அகற்றிக் கழுவிய பின்னரே தெளிக்க வேண்டும். அழுக்கின்மேல் தெளித்த குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும்.

தூய்மைப் பணியாளரை இடர்மிக்க இடத்திலிருந்து வெளியே எடுக்கும் நோக்கில் இந்தியாவில் உருவான மற்றொரு பொறி, திருவனந்தபுரத்தைச் சேர்ந்த சென்ரோபாட்டிக்சு நிறுவனத்தின் பேண்டிகூட் ஆகும். 2018 இல் அறிமுகமான இது பாதாளச் சாக்கடைக் குழிக்குள் மனிதர் இறங்காமல் அடைப்பை அகற்றுகிறது. மலக்குழியில் மனிதரை இறக்குவதைத் தடைசெய்யும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வர இத்தகைய பொறிகள் தேவைப்படுகின்றன. தெளிப்புக் கரத்தைக் கழற்றிவிட்டால் கிருமிநீக்க ஊர்தியின் தளத்தையே குப்பைக்கூடை இழுக்கவும், சாக்கடைகளில் கொசுப்புழுக்கொல்லி தெளிக்கவும் பயன்படுத்த இயலும். கொசுப்புழுக்கொல்லிக்குத் தனித் தொட்டி வேண்டும்.